எம்ஜிபி பின் ஆக்ஸிலை மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் பின் ஆக்ஸில் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறும் என்று எல்லோரும் சொல்வார்கள். மாறும்தான், ஆனால் பாதிதான் மாறும். வேறு ஆண்டு ஆக்ஸிலோ, ஹப்போ (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), டிஃப்போ (ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்) போட்ட பிறகு என்னிடம் வந்து நின்ற கார்களில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பணம் தின்னும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே போங்கள். டிஃபைக் கழற்றி வைத்த பிறகு வீல் நட் லூஸ் என்று கண்டுபிடிப்பதில் லாபம் இல்லை.

## எதற்கும் முன்: உங்களிடம் இருப்பது எந்த ஆக்ஸில்?

காரின் ஆண்டை நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் யார் யாரோ கழற்றி மாட்டியிருப்பார்கள். கீழே படுத்துப் பாருங்கள்.

நடுவில் வட்டமான உருண்டைக் கூடு, டிஃப் முன்பக்கத்திலிருந்து போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது, பின்பக்கம் மூடி எதுவும் கழற்ற வராது என்றால் அது பாஞ்சோ ஆக்ஸில். ரோட்ஸ்டரில் (கூரை திறக்கும் எம்ஜிபி) 1967 வரை இதுதான்.

நடுவில் வார்ப்பு இரும்பு, இரண்டு பக்கமும் அதில் செருகிய குழாய்கள், பின்னால் போல்ட் போட்ட தகட்டு மூடி என்றால் அது சாலிஸ்பரி வகை குழாய் ஆக்ஸில். 1965 இறுதியில் வந்த ஜிடி (மூடிய கூரை எம்ஜிபி) ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் போட்டது. ரோட்ஸ்டருக்கு 1967-இல் வந்தது.

சாதாரண எம்ஜிபியில் இரண்டு ஆக்ஸிலுக்கும் விகிதம் ஒன்றே, 3.909. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.909 சுற்று சுற்றும். அதனால்தான் ‘ரெண்டும் ஒண்ணுதானே’ என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். விகிதத்தைத் தவிர மற்ற எல்லாமே வேறு.

அடுத்து, குழாய் ஆக்ஸிலிலேயே இரண்டு அகலம் உண்டு. கம்பி வீலுக்கு (ஸ்போக் வீல்) வந்தது குறுகல், போல்ட் வீலுக்கு வந்தது அகலம். வாங்கும்போது ஹப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஹப்பை மாற்றிப் போட்டிருக்கலாம். கூட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை டேப் வைத்து அளந்து, உங்கள் பழைய ஆக்ஸிலோடு ஒப்பிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் இரண்டு விஷயம். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் டிரம்முக்குள் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

## அறிகுறி: பாகம் உட்காரவே மாட்டேன் என்கிறது

ஹாஃப் ஷாஃப்ட் (டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) டிஃபுக்குள் நுழையவில்லை. பல்லை எண்ணுங்கள். எம்ஜிபிக்கு முன் வந்த எம்ஜிஏ காரின் பழைய பாஞ்சோவில் 10 பெரிய பல். பிந்தைய எம்ஜிஏவிலும் எம்ஜிபி பாஞ்சோவிலும் 25 சின்னப் பல். பாஞ்சோ டிஃப் மொத்தமாக எம்ஜிஏவுக்கும் எம்ஜிபிக்கும் இடையே மாறும். ஆனால் ஷாஃப்டின் பல்லும் டிஃப் உள்ளே இருக்கும் சைடு கியரின் பல்லும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் சைடு கியரை மாற்றலாம், அல்லது ஷாஃப்டை மாற்றலாம். சுத்தியலால் தட்டி நுழைப்பது மூன்றாவது வழி இல்லை.

யூ போல்ட் (ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்கோடு கட்டும் வளைந்த போல்ட்) ஏறவில்லை, அல்லது ஏறியும் ஆடுகிறது. பாஞ்சோவின் யூ போல்ட், ரப்பர் பேட், அடித்தகடு எதுவும் குழாய் ஆக்ஸிலுக்குச் சரிவராது. ஆக்ஸிலோடு இந்தச் சாமான்களையும் சேர்த்தே வாங்குங்கள். வாஷர் வைத்து நிரவிச் சமாளித்த கார்களில், பின்னால் ‘டொக்’ சத்தமாக அது திரும்பி வருகிறது.

புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் முனைத் தகடு) ஒத்துப்போகவில்லை. இரண்டு ஃபிளாஞ்சிலும் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் தூரத்தை அளந்து பாருங்கள். வேறாக இருந்தால் துளையை ராவி நீட்டி போல்ட் போடாதீர்கள். ஃபிளாஞ்சை நடுவில் நிறுத்துவது போல்ட் இல்லை, நடுவில் இருக்கும் உருண்டை விளிம்பு. அது பொருந்தாமல் போல்ட்டை மட்டும் இறுக்கினால் ஷாஃப்ட் சாய்ந்துதான் சுற்றும். இங்கே ஷாஃப்டின் பின்முனை ஜாயிண்டைச் சரியான ஃபிளாஞ்சோடு மாற்ற வேண்டும். அது ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பட்டறையின் வேலை.

## அறிகுறி: டயர் உரசுகிறது

திருப்பத்தில் மட்டும் உரசுகிறதா, நேராகப் போகும்போதே உரசுகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பக்கம், அதுவும் திருப்பத்தில் மட்டும் என்றால், லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட் ஆக்ஸில் பேடின் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தால், முன்கண் புஷ் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். எம்ஜிபியில் பின் சக்கரங்கள் உடலுக்குள் சரிசமமாக இருக்காது. ஒரு பக்கம் இடம் குறைவு என்பது அந்தக் காரின் பிறவிக் குணம். 165 டயருக்கு அது தெரியாது. அகல டயர் போட்டால் தெரியும். ஆக்ஸிலைக் குறை சொல்லும் முன் டயரின் அளவைப் படியுங்கள்.

இரண்டு பக்கமும் உரசுகிறது என்றால், போல்ட் வீல் குழாய் ஆக்ஸிலில் கம்பி வீல் ஹப்பைப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் முக்கால் அங்குலத்துக்கு மேல் வெளியே வந்துவிடும். மட்கார்டு உதட்டை மடித்து விடுவது ஒரு தற்காலிக வழி. சரியான வழி, குறுகல் ஆக்ஸில் தேடுவது. அல்லது போல்ட் வீலுக்கே திரும்பிவிடுவது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. குறுகல் ஆக்ஸிலில் சாதா போல்ட் ஹப் போட்டால் சக்கரம் உள்ளே போய்விடும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலே கார் குறுகித் தெரியும். குறுகல் ஆக்ஸிலில் போல்ட் வீல் போடுவதற்கென்றே தடித்த ஹப் தனியாகச் செய்து விற்கிறார்கள். அதை வாங்குங்கள், கண்ட ஸ்பேசரை வைத்துச் சமாளிக்காதீர்கள்.

## அறிகுறி: கம்பி வீலின் ஸ்பின்னர் ஏறவில்லை, அல்லது தானாகக் கழல்கிறது

ஸ்பின்னர் என்பது கம்பி வீலை நடுவில் பிடித்து இறுக்கும் ஒற்றைப் பெரிய நட். இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம். மற்ற அறிகுறிகள் காரை நோகடிக்கும், இது ஆளையே நோகடிக்கும்.

### ஒரு சுற்று ஏறி நின்றுவிடுகிறது

மரை வேறு. பாஞ்சோ காலத்து ஹப்பில் அங்குலத்துக்கு 12 மரை. குழாய் ஆக்ஸில் ஹப்பில் அங்குலத்துக்கு 8. ஹப்பின் மேல் ஒரு அங்குலத்தைக் குறித்து மேடுகளை எண்ணினால் போதும், சந்தேகமே வராது. ஸ்பின்னர் காது வைத்ததா, எண்கோணமா என்பது தோற்றம்தான், அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

இதில் இருக்கும் ஆபத்து, ஸ்பின்னரைச் சுத்தியலால் அடித்து இறுக்குவது வழக்கம் என்பது. தப்பான மரையையும் அடித்தால் கொஞ்சம் ஏறிவிடும், இறுகிய மாதிரியும் தோன்றும். கையால் கடைசி வரை சுற்ற வர வேண்டும், கடைசி இறுக்கத்துக்கு மட்டுமே சுத்தியல். பாதியிலேயே சுத்தியல் தேவைப்பட்டால் நிறுத்திக் கழற்றிவிடுங்கள்.

பாஞ்சோ காரில் குழாய் ஆக்ஸில் போட்டால் முன்னால் 12, பின்னால் 8 என்று ஆகிவிடும். ஓடும்தான். ஆனால் என்றாவது ஒரு நாள் இருட்டில், மழையில் சக்கரம் மாற்றும்போது முன் ஸ்பின்னர் பின்னால் போகும். முன் ஹப்பையும் 8-க்கு மாற்றிவிடச் சொல்வேன்.

### ஏறி இறுகுகிறது, ஓடிய பிறகு தளர்கிறது

காரணம் ஒன்று: இறுக்கம் போதவில்லை. ஹப்பைப் புதிதாக மாட்டிய பிறகு சில மைல் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். கூம்பு முகங்களில் பெயின்ட் இருந்தால் அது நசுங்கி இடம் விடும். சுரண்டிவிட்டு லேசாக கிரீஸ் தடவுங்கள்.

காரணம் இரண்டு: இடம் வலம் மாறிவிட்டது. காரின் இடது பக்கம் சாதா வலது மரை, வலது பக்கம் இடது மரை. சோதிக்க ஒரே ஒரு விதி போதும்: கார் முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அந்தப் பக்கம் ஸ்பின்னரைத் திருப்பினால் கழல வேண்டும். இறுகினால் ஹப் தப்பான பக்கத்தில் இருக்கிறது, ஓட ஓடத் தானே கழன்றுவிடும். ஆக்ஸிலைப் பிரித்துப் பூட்டும்போது இரண்டு ஹப்பும் இடம் மாறிப்போவது மிக எளிது. ஸ்பின்னரிலும் ஹப்பிலும் மரை ஒத்துப்போவதால் மாட்டும்போது எதுவும் தெரியாது. அந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டாம், நின்ற இடத்திலேயே கழற்றி மாற்றுங்கள்.

காரணம் மூன்று: பல் தேய்ந்த ஹப். இதை அடுத்த அறிகுறியில் பார்ப்போம்.

## அறிகுறி: கிளட்சை விடும்போதோ ஆக்சிலரேட்டரை விடும்போதோ ‘டொக்’

இந்தப் புகார்தான் அதிகம் வருகிறது. ஆக்ஸில் மாற்றிய உடனே வந்தால் மாட்டியதில் கோளாறு. மாற்றும் முன்பே இருந்து இப்போதும் இருந்தால் ஆக்ஸிலே காரணம் இல்லாமல் இருக்கலாம். கீழே உள்ள வரிசையில் போங்கள், ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

1. இறுக்கம் பார்ப்பது. யூ போல்ட் நட், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சின் நான்கு போல்ட், ஷாக் அப்சார்பரின் இணைப்புக் கம்பி, வீல் நட் அல்லது ஸ்பின்னர். யூ போல்ட்டை ரப்பர் பேட் மேல் இறுக்குவதால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு எப்படியும் தளரும். பாதிக் கார்கள் இந்த இடத்திலேயே குணமாகிவிடுகின்றன.

2. யூ ஜாயிண்ட், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் இருக்கும் மடங்கும் இணைப்பு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். ஹேண்ட்பிரேக் வேண்டாம். ஷாஃப்டை ஒரு கையால் இப்படியும் அப்படியும் திருப்பி, மறுகையின் விரலை ஜாயிண்ட் மேல் வையுங்கள். ஃபிளாஞ்ச் நிற்க, ஷாஃப்ட் மட்டும் அசைந்தால் ஜாயிண்ட் கிராஸ் போய்விட்டது. கப்பைச் சுற்றிச் சிவப்புத் துரு பொடிந்து வந்திருந்தால் திருப்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

3. கம்பி வீல், ஹப் பல் தேய்மானம். பின் சக்கரம் ஒன்றைத் தூக்குங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீங்கள் சக்கரத்தைச் சுற்றும் திசையில் ஆட்டுங்கள். ஹப் நிற்க வீல் மட்டும் நகர்ந்தால் பல் தேய்ந்திருக்கிறது. வீலைக் கழற்றி ஹப் பல்லின் உச்சியைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது கத்தி முனை மாதிரி கூர்ந்திருந்தால் ஹப்பும் வீலும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஹப்பில் புது வீல் போட்டால் அந்த வீலின் பல்லையும் ஹப் தின்றுவிடும். பழைய ஆக்ஸில் வாங்கும்போது ஹப் ‘கூடவே வருகிறது’ என்று மகிழ்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

4. குழாய் ஆக்ஸிலில் ஹப் நட். இதில் ஹப் தனி, ஷாஃப்ட் தனி. நடுவில் பல், வெளியே கூம்பு வளையம், அதற்கு மேல் பெரிய நட். இறுக்கம் 150 பவுண்டு-அடி. ‘நல்லா டைட் பண்ணியாச்சு’ என்பது 150 ஆகாது, டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஸ்பிளிட் பின் துளை ஒத்து வராவிட்டால் இன்னும் இறுக்கி ஒத்துவர வைக்க வேண்டும், பின்னால் திருப்பக் கூடாது. கூம்பு வளையத்தைப் போட மறந்த ஹப்புகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஓடினால் ஷாஃப்டின் பல்லும் ஹப்பின் பல்லும் ஒருசேரத் தேய்ந்து, இரண்டையும் தூக்கிப்போட வேண்டிவரும்.

5. டிஃபின் திரஸ்ட் வாஷர். குழாய் ஆக்ஸிலுக்கே உரிய வியாதி இது. மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும், சக்கரங்கள் அசையாமல் நிற்க பினியன் ஃபிளாஞ்ச் (டிஃபுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் சின்னப் பல்சக்கரத்தின் முன்முனை) மட்டும் நன்றாகத் திரும்புகிறது என்றால் சைடு கியருக்குப் பின்னால் இருக்கும் ஃபைபர் வாஷரும் ஸ்டார் பினியனுக்கு (சைடு கியரோடு கோர்த்திருக்கும் சின்னப் பல்சக்கரம்) பின்னால் இருக்கும் செம்பு நிற வாஷரும் தேய்ந்திருக்கின்றன. பின் மூடியைத் திறந்தால் சில சமயம் ஃபைபர் துண்டுகள் ஆயிலில் மிதக்கும்.

நல்ல செய்தி, இதற்கு டிஃபை வெளியே எடுக்க வேண்டாம். ஆயிலை இறக்கி, மூடியைக் கழற்றி, இரண்டு ஹாஃப் ஷாஃப்டையும் சைடு கியரை விட்டு வெளியே வரும் அளவு இழுத்துவிடுங்கள். குறுக்குப் பின்னைப் பூட்டியிருக்கும் ரோல் பின்னைத் தட்டி எடுத்தால் குறுக்குப் பின் வந்துவிடும். ஸ்டார் பினியன் இரண்டையும் ஒன்றாக உருட்டினால் ஜன்னல் வழியே வெளியே வரும். வாஷர்களை மாற்றி அதே வழியில் உள்ளே உருட்டுங்கள். கிரவுன் வீலையும் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பினியனையும் தொடவே இல்லை, அதனால் செட்டிங் மாறாது. இதில் கடினமானது ஹப்பை இழுப்பதுதான். அதற்குத் தடித்த புல்லர் வேண்டும், சாதா மூன்று கால் புல்லர் வளைந்துவிடும்.

குறுக்குப் பின்னிலேயே படி விழுந்திருந்தால் வாஷர் மாற்றியும் சத்தம் முழுதாகப் போகாது, பின்னையும் மாற்றுங்கள்.

6. கிரவுன் வீல், பினியன் இடைவெளி. இது கடைசி. வாஷர் புதிது, பின் புதிது, இன்னும் பினியன் ஆடுகிறது என்றால் இங்கே நிறுத்துங்கள். இது டிஃப் செட்டிங் தெரிந்தவரின் வேலை.

பாஞ்சோ என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. டிஃப் மொத்தமாக முன்பக்கம் கழன்று வரும் என்பதால், நல்ல நிலையில் இருக்கும் வேறொரு டிஃபை அப்படியே மாட்டிவிடலாம். வீட்டில் செய்கிறவருக்கு பாஞ்சோவின் பெரிய வசதி இதுதான்.

## அறிகுறி: ஊளைச் சத்தம்

முதலில் அது ஆக்ஸில்தானா என்று பாருங்கள். தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். இடது வலது என்று லேசாக வளைக்கும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். எதிலும் மாறாமல், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மட்டும் மாறினால் அது டிஃப்.

ஆயில். அளவு குறைவாக இருந்தாலே ஊளையிடும். பாஞ்சோவுக்கு இரண்டேகால் இம்பீரியல் பைன்ட், அதாவது 1.28 லிட்டர். குழாய் ஆக்ஸிலுக்கு ஒன்றரை பைன்ட், 0.85 லிட்டர். காரைச் சமமாக வைத்து, நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றுவதுதான் சரியான அளவு. பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து ஊற்றினால் கணக்கு தப்பும். 90 எண் ஹைபாய்டு ஆயில்தான் போட வேண்டும், எஞ்சின் ஆயில் இல்லை.

அழுத்தும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளை. பினியன் கிரவுன் வீலை நெருங்கியோ விலகியோ உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் யாரோ ஒரு டிஃபின் கிரவுன் வீலையும் இன்னொரு டிஃபின் பினியனையும் சேர்த்துப் போட்ட கதை. இவை தொழிற்சாலையில் ஜோடியாகத் தீட்டி, ஜோடி எண் பொறித்து வருபவை. மூடியைத் திறந்தால் கிரவுன் வீலில் எண் தெரியும், பினியனின் முகத்திலும் அதே எண் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் எவ்வளவு ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டாலும் அமைதியாகாது.

பினியன் சீல் மாற்றிய பிறகு வந்த ஊளை. குழாய் ஆக்ஸிலில் பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று உண்டு. நட்டை இருந்த இடத்தைவிட அதிகம் இறுக்கினால் அது மேலும் நசுங்கி, பேரிங் மேல் அழுத்தம் ஏறிவிடும். நட்டைத் திருப்பித் தளர்த்தினாலும் ஸ்பேசர் பழைய நீளத்துக்கு வராது, புதிது போட வேண்டும். சீல் மாற்றும் முன் நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரு கோடு குத்தி வைத்துக்கொண்டு, அதே கோட்டுக்குத் திரும்பி வருவதுதான் வீட்டில் செய்யக்கூடிய எல்லை. அதைத் தாண்டிப் போயிருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

உயர் விகித கியர் போட்ட பிறகு ஊளை. எம்ஜிபி ஜிடி வி8-இல் விகிதம் 3.07, அதன் ஆறு சிலிண்டர் உறவான எம்ஜிசியிலும் 3.07, 3.307 போன்றவை வந்தன. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் போக இவற்றைத் தேடுகிறார்கள், நியாயமான ஆசைதான். ஆனால் அந்தக் காலத்து அசல் செட் சாதா எம்ஜிபியின் டிஃப் கூண்டில் (கிரவுன் வீலைத் தாங்கும் பாகம்) நேராக உட்காராது, அதற்குரிய கூண்டும் வேண்டும். இன்று புதிதாகச் செய்து விற்கும் செட்டுகளில் சாதா கூண்டுக்கென்றே வெட்டியவை இருக்கின்றன. எது என்று கேட்காமல் வாங்கினால் செட்டிங் போடுபவர் தலையில் கை வைப்பார். இந்த வேலையை எக்காரணம் கொண்டும் வீட்டில் தொடங்காதீர்கள். கூட்டை விரிக்கும் கருவி, டயல் கேஜ், பல் தடம் பார்க்கும் மை எல்லாம் வேண்டும், அவற்றைவிடப் பழகிய கண் வேண்டும்.

## அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம்

நடுக்கம் வரும் வேகத்தில் கிளட்சை மிதித்துவிடுங்கள். நின்றுவிட்டால் எஞ்சின் பக்கம், அல்லது இழுவையில் மட்டும் வெளிப்படும் ஜாயிண்ட் கோளாறு. தொடர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டோ சக்கரமோ. சக்கரம் என்றால் இருக்கை மெதுவாக ஆடும். ஷாஃப்ட் சக்கரத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அது கண்ணாடியில் பொடிப்பொடியாக அதிரும், காலில் கூச்சமாகத் தெரியும்.

ஷாஃப்ட் என்று தெரிந்தால்:

- ஃபிளாஞ்ச் முகங்களில் பெயின்ட், துரு, பழைய லாக் வாஷர் துண்டு எதுவும் மாட்டியிருக்கிறதா பாருங்கள்.
- நான்கு போல்ட்டையும் கழற்றி ஷாஃப்டை அரைச் சுற்று திருப்பிப் பூட்டிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம், அடிக்கடி பலிக்கிறது.
- ஷாஃப்டைப் பிரித்துப் பூட்டியிருந்தால் இரண்டு முனை யோக்கும் (யூ ஜாயிண்டைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா பாருங்கள். அம்புக்குறி இருந்தால் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஒரு பல் தப்பினாலும் நடுங்கும்.
- நீளம். ஆக்ஸில் வகை மாறினால் பினியன் ஃபிளாஞ்ச் நிற்கும் இடம் மாறும். பிற்கால கியர்பாக்ஸும் சேர்ந்து வந்திருந்தால் முன்முனையும் மாறும். கார் தன் எடையில் நிற்கும்போது சறுக்கும் முனை உள்ளே போக இன்னும் சுமார் ஒரு அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். ஷாஃப்ட் நீளம் அதிகமானால் பள்ளத்தில் விழும்போது ஒரு இடி கேட்கும், அந்த இடியை வாங்குவது கியர்பாக்ஸின் பின் பேரிங். குறைந்தால் பல் பிடிப்பு போதாமல் நடுங்கும்.
- கோணம். கார் எடையில் நிற்க, கியர்பாக்ஸ் முனையிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் கோணமானி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் இணையாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். பின்பக்கத்தைத் தாழ்த்தக் கட்டை வைத்த கார்களில் முதலில் இதையே பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகே பேலன்ஸ் செய்யக் கொடுங்கள்.

## அறிகுறி: ஆயில் கசிவு

மூச்சுத் துளையைத் துடையுங்கள். அது அடைத்திருந்தால் ஆக்ஸில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். வருடக்கணக்கில் ஷெட்டில் கிடந்த ஆக்ஸிலில் அது அடைத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் அளவு அதிகமாகிவிட்டதா என்றும் பாருங்கள். பாஞ்சோவின் அளவை மனதில் வைத்துக் குழாய் ஆக்ஸிலில் ஊற்றுவது சகஜம்.

நடுவில் முன்பக்கம் சொட்டினால் பினியன் சீல். பின்மூடியில் என்றால் பேப்பர் பேக்கிங்.

பிரேக் டிரம்முக்குள் ஆயில் வந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். பாஞ்சோவில் ஹப் சீல் மட்டும் அல்ல, ஹாஃப் ஷாஃப்ட் ஃபிளாஞ்சின் ஓ ரிங்கும் பேப்பரும் காரணமாகும். பேரிங்கின் வெளிவளையம் ஹப் முகத்தைவிடத் துளியளவு வெளியே நிற்க வேண்டும், அப்போதுதான் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் அதை அமுக்கிப் பிடிக்கும். தடித்த பேப்பரை வெட்டிப் போட்டால் பிடிப்பு போய் பேரிங் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவிப் போடாதீர்கள், புதிது போடுங்கள்.

## அறிகுறி: பிரேக்கோ ஹேண்ட்பிரேக்கோ சரியில்லை

ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். விட்டுவிட்டால் கேபிள் நீளம் தப்பு. பாஞ்சோவுக்கும் குழாய்க்கும் கேபிள் வேறு, ஒன்றை மற்றதில் இழுத்துக் கட்ட முடியும் என்பதால் யாரோ கட்டியிருப்பார்கள்.

ஹேண்ட்பிரேக் எவ்வளவு இழுத்தாலும் நிற்கவில்லை. கேபிளைத் தொடும் முன் ஷூவைச் சரிசெய்யுங்கள். பின்தகட்டில் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரை டிரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, சக்கரம் லேசாகச் சுற்றும்வரை விடுங்கள். அதன் பிறகுதான் கேபிள். ஷூவின் தொய்வை கேபிளால் ஈடுகட்டினால் கால் பிரேக் ஆழமாகப் போகும்.

கால் பிரேக் மெத்தென்று இருக்கிறது. காற்று எடுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் பைப் நட்டைப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் நட் 3/8 அங்குல யுஎன்எஃப். புதுச் சாமான்களோடு எம்10 (மெட்ரிக்) நட்டும் கலந்து வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எம்10 நட் 3/8 துளைக்குள் நுழையாது, அதனால் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 3/8 நட் எம்10 துளையில் தொளதொளவென்று நுழைந்து, அரைகுறையாகப் பிடித்து, ஒருநாள் மரையோடு வெளியே வரும். விரலால் சுற்றும்போதே ஆடினால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுங்கள். பிரேக் பைப்பில் சந்தேகம் மிச்சமிருந்தால் காரை நகர்த்தாமல் பிரேக் வேலை செய்கிறவரை வரவழையுங்கள்.

## அறிகுறி: ஸ்பீடோமீட்டர் பொய் சொல்கிறது

இது பழுது இல்லை, கணக்கு. புது விகிதத்தைப் பழைய விகிதத்தால் வகுங்கள். 3.909-இலிருந்து 3.07-க்குப் போனால் 0.785. நிஜத்தில் மணிக்கு 60 மைல் போகும்போது முள் 47-ஐத்தான் காட்டும். முள் குறைவாகக் காட்டுவதால் நீங்கள் நினைப்பதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். எம்ஜிஏவின் 4.3 டிஃபைப் போட்டால் இதற்கு எதிர்ப்பக்கம், 60-க்கு 66.

விகிதம் என்னவென்றே தெரியாவிட்டால் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றதை 20 முறை சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் 39 சுற்று சுற்றினால் 3.9, 43 என்றால் 4.3, 31-ஐ ஒட்டி நின்றால் 3.07. முன்கூட்டியே ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு, எண்ணுவதற்கு ஒருவரை அடியில் வையுங்கள்.

ஸ்பீடோமீட்டர் முகத்தில் சின்ன எழுத்தில் மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். மீட்டரைத் திருத்தக் கொடுக்கும்போது அந்த எண்ணையும், பழைய புதிய விகிதங்களையும், டயர் அளவையும் எழுதிக் கொடுத்தால் போதும்.